அஷ்டமி நிலாவும் ஒரு பழைய கேமராவும்

மக்களே, உங்க ஃபோன் கேலரியைத் திறந்து பழைய படங்களைத் தள்ளிக்கிட்டே போங்க. எங்கேயாவது ஒரு நிலாப் படம் மாட்டும். முழுக்கக் கறுப்பு, நடுவுல ஒரு வெள்ளைப் பொட்டு. டியூப்லைட்டா, தெருவிளக்கா, நிலாவான்னு எடுத்தவருக்கே சந்தேகம் வரும். அதை யார்கிட்ட காட்டினாலும் கூடவே ஒரு வசனமும் சொல்ல வேண்டியிருக்கும்: "நேர்ல எவ்ளோ பெருசா இருந்துச்சு தெரியுமா!"

இந்தக் கட்டுரை அந்தப் பொட்டைப் பற்றியது. டெலஸ்கோப் இல்லாமல், பெரிய லென்ஸ் இல்லாமல், வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு ஜூம் கேமராவை வைத்து நிலாவின் பள்ளங்களையும் மலைகளையும் எப்படிப் படம் எடுப்பது என்று சொல்லப் போகிறேன். நடுவில் என் ரூம்மேட்டோடு நடந்த ஒரு வாக்குவாதமும் வரும். உண்மையைச் சொன்னால் அந்த வாக்குவாதத்துக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

பொட்டு ஏன் பொட்டாகவே இருக்கிறது?

முதல் காரணம் அளவு. நிலா வானத்தில் சுமார் அரை டிகிரி அகலம்தான். கையை முழுசா நீட்டிச் சுண்டு விரலைக் காட்டுங்க. மொத்த நிலாவும் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். நம்புறதுக்குக் கஷ்டமா இருக்கும், இன்னைக்கு ராத்திரியே செய்து பாருங்க.

அரை டிகிரி என்றால் லென்ஸின் குவிய நீளத்தைத் தோராயமாக 115-ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலாவின் விட்டம் கிடைக்கும். ஃபோனின் வழக்கமான லென்ஸ் ஐந்தாறு மி.மீ. தான். 12 மெகாபிக்சல் படத்தில் நிலா சுமார் 30 பிக்சல் அகலத்துக்கு வரும். நிலாவின் உண்மையான விட்டம் 3474 கி.மீ. ஆக ஒரு பிக்சலுக்கு நூறு கி.மீ.க்கு மேல். அதை விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் பொட்டுதான் பெரிதாகும், விவரம் எங்கிருந்து வரும்?

இரண்டாவது காரணம் வெளிச்சம். நிலா வெள்ளை இல்லை. தன்மேல் விழும் சூரிய ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. தேய்ந்துபோன தார் ரோட்டின் நிறம்னு வெச்சுக்கங்க. சுற்றிலும் கறுப்பு வானம் இருப்பதால்தான் நமக்கு அது வெள்ளியாகத் தெரிகிறது. கேமராவின் ஆட்டோ மோடும் அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு, "அய்யோ, ஒரே இருட்டு" என்று ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கிறது. நிலா வெந்து வெளுத்துப் போகிறது.

அதனால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்க: நீங்க இரவைப் படம் எடுக்கவில்லை. பட்டப்பகல் வெயிலில் கிடக்கும் ஒரு தார் ரோட்டைப் படம் எடுக்கிறீங்க. அங்கே இப்போ பகல்.

என்கிட்ட இருந்தது

கேனான் எஸ்எக்ஸ்50. 2012ல் வந்த மாடல். சித்தப்பா கொடைக்கானல் டூருக்காக வாங்கியது. வீட்டில் எல்லோர் கையிலும் நல்ல ஃபோன் வந்த பிறகு அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே நாப்தலின் வாசனையோடு கிடந்தது. 50 மடங்கு ஜூம். முழுக்க இழுத்தால் குவிய நீளம் 215 மி.மீ. மேலே சொன்ன கணக்குப்படி நிலா சென்சாரில் 1.9 மி.மீ. அகலத்துக்கு விழும். பிக்சலில் சொன்னால் சுமார் 1250. ஒரு பிக்சலுக்கு 2.8 கி.மீ.

ஆனால் அவ்வளவு நுணுக்கமும் கிடைத்துவிடாது. லென்ஸின் திறப்பு 33 மி.மீ. தான். இயற்பியலில் படித்த ஒளி விளிம்பு விளைவைப் போட்டுப் பார்த்தால், சுமார் 8 கி.மீ.க்குக் கீழே எதையும் பிரித்துக் காட்ட முடியாது. பரவாயில்லை. நிலாவின் பிரபலமான பள்ளங்கள் எல்லாம் 80, 90, 100 கி.மீ. அகலம் உள்ளவை. தாராளமாகத் தெரியும்.

இன்னொரு கணக்கும் எனக்குப் பிடிக்கும். இந்த ஜூம் 35 மி.மீ. ஃபிலிம் அளவில் 1200 மி.மீ.க்குச் சமம். வெறும் கண்ணோடு ஒப்பிட்டால் தோராயமாக 24 மடங்கு. 1609 கடைசியில் பதுவாவில் கலிலியோ நிலாவைப் பார்த்த தொலைநோக்கி சுமார் 20 மடங்கு. பீரோவுக்குள்ளே கிடந்தது அப்படிப்பட்ட ஒரு கருவி!

செட்டிங் என்ன?

மேனுவல் மோடுக்குப் போங்க. ஐஎஸ்ஓ 100. ஃபோட்டோகிராஃபர்கள் 'லூனி 11' என்று ஒரு விதி சொல்வார்கள்: பௌர்ணமி நிலாவுக்கு எஃப் 11 வைத்தால், ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி. என் கேமரா முழு ஜூமில் எஃப் 6.5. அதற்கு மாற்றினால் 1/250 வரும்.

அரை நிலாவுக்கு இது பொருந்தாது. அரை நிலா முழு நிலாவின் பாதி வெளிச்சம் தரும் என்றுதான் நினைப்போம். உண்மையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குதான் தரும். காரணம் நிழல். அரை நிலாவில் ஒவ்வொரு மேடும் பக்கத்துப் பள்ளத்தின் மேல் நிழலை விரித்து வைத்திருக்கும். அதனால் 1/60லிருந்து 1/125 வரை மாற்றி மாற்றி எடுங்க.

முக்காலி இருந்தால் நல்லது. இல்லையா, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரும் ஒரு தலையணையும் போதும். பட்டனை அமுக்கும் அதிர்வு படத்தைக் கெடுக்கும், அதனால் 2 நொடி டைமர் போடுங்க. பூமி சுற்றுவதால் நிலா நகர்ந்து படம் கலங்காதா என்று கேட்பீங்க. இந்த ஜூமில் அது நொடிக்குப் பத்து பிக்சல் நகரும். 1/100 நொடியில் பத்தில் ஒரு பிக்சல்தான். கவலையே வேண்டாம். ஆனால் இரண்டு நிமிடத்தில் தன் முழு அகலத்துக்கு நகர்ந்துவிடும், ஃபிரேமைத் திருத்திக்கிட்டே இருக்கணும்.

ஒரே படத்தோடு நிறுத்தாதீங்க. முப்பது, நாற்பது எடுங்க. பகல் முழுக்க வெயில் குடித்த காங்கிரீட் மாடி, இருட்டிய பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று நெளியும்போது நிலாவும் நெளியும். நாற்பதில் நாலு தேறும். நிலா உயரத்தில் இருக்கும்போது எடுத்தால் இன்னும் தேறும்.

முக்கியமான நல்ல செய்தி: இதற்கு இருட்டான மலைக்கிராமம் எதுவும் தேவையில்லை. ஊரின் மின்விளக்குகள் நட்சத்திரங்களைத் தின்னும், நிலாவை ஒன்றும் செய்யாது. உங்க ஹாஸ்டல் மாடி போதும். சாவி யாரிடம் இருக்கிறது என்பது தனிப் பிரச்சினை.

பௌர்ணமியை விட்டுவிடுங்க

எல்லோரும் கேமராவைத் தூக்குவது பௌர்ணமி அன்றைக்கு. நிலப்பரப்பைப் பார்க்க அதுதான் மிக மோசமான நாள். அன்று சூரியன் நமக்குப் பின்னாலிருந்து நேராக அடிக்கிறது. ஃபிளாஷ் போட்டு எடுத்த ஐடி கார்டு ஃபோட்டோ மாதிரி, மூக்கும் கன்னமும் ஒரே தட்டையாக இருக்கும். வடை சுடும் பாட்டி தெரிவாள், பள்ளம் தெரியாது.

ராத்திரி பைக்கில் போகும்போது கவனித்திருப்பீங்க. பகலில் கண்ணுக்கே படாத சின்னச் சின்னக் கல்லும் குழியும் ஹெட்லைட் வெளிச்சத்தில் நீளமான நிழலோடு எழுந்து நிற்கும். வெளிச்சம் தாழ்வாக, பக்கவாட்டில் வருவதுதான் காரணம். நிலாவில் அப்படி வெளிச்சம் விழும் இடம் பகலும் இரவும் சந்திக்கும் கோடு. அந்தக் கோட்டில் இப்போது சூரியன் உதிக்கிறது. ஒரு சாதாரண மேடு அங்கே மலையாகத் தெரியும்.

அந்தக் கோடு தினமும் நகர்கிறது. அது எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆப் எதுவும் வேண்டாம், உங்க வீட்டுச் சுவரில் தொங்கும் நாள் கிழிக்கும் காலண்டர் போதும். ஒரு திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையிலான கோணத்தில் 12 டிகிரி. அதை வைத்துக் கணக்குப் போட்டால் வளர்பிறையில் எந்த நாள் எந்த இடத்தில் பொழுது விடியும் என்று வந்துவிடும். மாலையில் எந்தத் திதி நடக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்க. நான் போட்ட பட்டியல் இது:

சதுர்த்தி: மேர் கிரிசியம். ஓரத்தில் முட்டை வடிவில் கறுப்பாக ஒரு 'கடல்'. தண்ணீர் கிடையாது, உறைந்த எரிமலைக் குழம்பு.

சஷ்டி: தியோபிலஸ், சிரிலஸ், கேதரினா. வரிசையாக மூன்று பெரிய பள்ளங்கள். தியோபிலஸின் நடுவே ஒரு மலை நிற்கும்.

அஷ்டமி: நடுவில் தாலமேயஸ், அல்ஃபோன்சஸ், அர்சாகெல் என்று இன்னொரு மூவர் அணி. வடக்கே அப்பனைன் மலைத்தொடர்.

நவமி: தெற்கே கிளாவியஸ், சுமார் 230 கி.மீ. அகலம். அதற்குள்ளேயே குட்டிப் பள்ளங்கள் வில் போல வரிசையாக இருக்கும். வடக்கே கறுத்த தரையோடு பிளேட்டோ.

தசமி: கோபர்னிகஸ், 93 கி.மீ. கோயம்புத்தூரிலிருந்து ஈரோட்டுக்கு நேர்கோடு போட்டால் வரும் தூரம் ஏறக்குறைய இதுதான். அது மொத்தமும் ஒரே பள்ளம்!

பௌர்ணமி: டைக்கோவின் ஒளிக்கீற்றுகள். பௌர்ணமிக்கும் இது ஒன்றாவது இருக்கட்டும்.

"அஷ்டமி நவமியில எதையும் ஆரம்பிக்காதே" என்று வீட்டில் சொல்வார்கள். கேமராக்காரனுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. அஷ்டமி நிலா மாலை 6 மணி வாக்கில் வானத்தின் உச்சியில் இருக்கும். இருட்டும் முன்பே வேலையை ஆரம்பித்து, மெஸ் மூடுவதற்குள் முடித்துவிடலாம்.

தாழ்ந்த வெளிச்சத்தின் அருமை தெரிந்தவர்கள் நாம் மட்டும் இல்லை. 1969 ஜூலை 20ல் அப்பல்லோ 11 இறங்கியபோது அந்த இடத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 10 டிகிரி உயரத்தில்தான் இருந்தது. நிழல் நீளமாக விழுந்தால்தான் பாறை எது, பள்ளம் எது என்று இறங்குபவர்களுக்குத் தெரியும். அப்படித் திட்டமிட்டே நாள் குறித்தார்கள். சந்திரயான் 3 இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 மாலை வளர்பிறை சப்தமி. அங்கே பகல் தொடங்கியிருந்த காலம். லேண்டர் சூரிய மின்சாரத்தில் ஓடுவது, ஒரு நிலாப் பகல் முழுவதையும் பயன்படுத்த அதுதான் நேரம்.

ரூம்மேட் கேட்ட கேள்வி

இப்போ வாக்குவாதத்துக்கு வருவோம். என் படங்களை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். ரூம்மேட் தன் புது ஃபோனை நீட்டினான். கையில் பிடித்தே எடுத்த நிலா. பளிச்சென்று, கூர்மையாக, என்னுடையதைவிட அழகாக இருந்தது.

"மச்சி, பேசாம அந்தக் கேமராவை எடைக்குப் போட்டுரு."

சில ஃபோன்கள் நிலாவை எப்படி எடுக்கின்றன என்று அவனுக்குச் சொன்னேன். 2023 மார்ச்சில் ஒருவர் ஒரு சோதனை செய்தார். ஒரு நிலாப் படத்தை 170 பிக்சலுக்குச் சுருக்கி, அதையும் மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்தார். விளக்கை அணைத்துவிட்டு அறையின் மறுமுனையிலிருந்து அதை ஃபோனில் எடுத்தார். ஃபோன் தந்த படத்தில் பள்ளங்கள் இருந்தன. திரையில் இல்லாத பள்ளங்கள்! அது நிலா என்று மென்பொருள் அடையாளம் கண்டுகொண்டு, தான் கற்று வைத்திருந்ததிலிருந்து விவரத்தைச் சேர்த்திருந்தது.

ரூம்மேட் அசரவில்லை. "சரிடா, அங்க இருக்குற பள்ளத்தைத்தானே போடுது? பொய்யா ஒண்ணும் போடலையே. படம் நல்லா இருக்கா, அவ்ளோதானே வேணும்?"

நியாயமான கேள்வி. நாற்பது படங்களை மென்பொருளில் அடுக்கி, சராசரி எடுத்து, இரைச்சலைக் குறைப்பது நானும் செய்கிற வேலைதான். அதில் எல்லாமே என் லென்ஸ் வழியாக வந்த வெளிச்சம் என்று சொன்னேன். "அதனால என்ன?" என்றான். அன்றைக்கு என்கிட்ட பதில் இல்லை.

பதில் ஒரு அஷ்டமி அன்று கிடைத்தது. படத்தில் அப்பனைன் மலைத்தொடர் பக்கத்தில், கோட்டைத் தாண்டி, முழு இருட்டுக்குள் ஒரு ஒளிப்புள்ளி. தனியாக.

"ஹாட் பிக்சல்டா அது" என்றான் அவன். இருக்கலாம். ஆனால் ஹாட் பிக்சல் சென்சாரில் ஒரே இடத்தில் நிற்கும். இந்தப் புள்ளி நாற்பது படத்திலும் நிலாவோடு சேர்ந்து நகர்ந்தது. லென்ஸ் தூசியும் இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்த படங்களில் புள்ளி பெரிதாகியிருந்தது.

அது ஒரு மலையுச்சி. அடிவாரம் இன்னும் இரவில் இருக்க, உச்சிக்கு மட்டும் விடிந்திருக்கிறது. கலிலியோ பார்த்தது இதைத்தான். இருட்டுப் பகுதிக்குள் ஒளிப்புள்ளிகள் தோன்றி மெல்ல வளர்வதைப் பார்த்துத்தான், நிலா வழவழப்பான பளிங்கு உருண்டை இல்லை, அங்கேயும் மலை இருக்கிறது என்று 1610ல் எழுதினார். அவர் அதோடு விடவில்லை, உயரத்தையும் கணக்கிட்டார். பத்தாம் வகுப்புப் பிதாகரஸ் தேற்றம் போதும்: அரை நிலா நாளில், கோட்டிலிருந்து புள்ளி எவ்வளவு தூரம் என்று அளந்து, அதை வர்க்கப்படுத்தி, நிலாவின் விட்டத்தால் வகுத்தால் மலையின் உயரம்.

அளந்தோம். இருவரும் சேர்ந்துதான். 38 பிக்சல். கிலோமீட்டரில் சுமார் 105. வர்க்கம் 11025. அதை 3474-ஆல் வகுத்தால் 3.17 கி.மீ.

கோடு வழவழப்பாக இல்லை, கரடுமுரடாகத்தான் இருக்கும். அளவில் ஐந்து பிக்சல் முன்பின் ஆகலாம். அப்படிப் பார்த்தால் உயரம் ஏறக்குறைய 2.4லிருந்து 4 கி.மீ.க்குள். அப்பனைனில் 5 கி.மீ.யைத் தாண்டும் சிகரங்களும் உண்டு, ஆகவே இது அங்கே அசாதாரணமான உயரம் இல்லை. ஆனால் நம்ம ஊர் தொட்டபெட்டா 2637 மீட்டர். பீரோவில் கிடந்த கேமராவை வைத்து, ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து, தொட்டபெட்டாவுக்கு இணையாகவோ அதற்கு மேலோ நிற்கும் ஒரு மலையை நாங்கள் அளந்திருந்தோம்.

ரூம்மேட் அதே மாலை தன் ஃபோனில் எடுத்திருந்த படத்தைத் திறந்தான். பெரிதாக்கினான். அந்த இடத்தில் லேசாக ஏதோ ஒரு வெளிச்சம் இருப்பது போலத்தான் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"டேய், இது வந்ததா, போட்டதா?"

படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வழியில்லை. அவன் முன்பு கேட்ட "அதனால என்ன?"வுக்கு அதுதான் பதில். வந்தது எது, போட்டது எது என்று தெரியாத படத்தை ரசிக்கலாம், ஸ்டேட்டஸ் வைக்கலாம். அதை வைத்து அளக்க முடியாது.

நம்ம லேபில் இதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தனி ஊசல் சோதனை. அறுபது பேர் ரெக்கார்டிலும் விடை 9.8. சில நோட்டுகளில் விடை முதலில் பிறக்கும், ரீடிங் அப்புறம் பிறக்கும். ரீடிங் அழகாக இருக்கும், கிராஃப் நேர்கோடாக இருக்கும், சைனும் கிடைக்கும். ஊசலை யாரும் ஆட்டியிருக்க மாட்டார்கள். நிலாவை ஏற்கெனவே மனப்பாடம் செய்துவிட்டு, பார்க்காமலே வரையும் மென்பொருளும் அந்த மாதிரி ரெக்கார்டுதான். தெரிந்த விடைக்கு அது போதும். நாளைக்குப் புத்தகத்தில் விடை இல்லாத ஒன்றை நம்மில் யாரோ அளக்க வேண்டிவரும், ஒரு பாலத்தின் விரிசலையோ ஒரு பேட்டரியின் சூட்டையோ. அன்றைக்கு ஊசலை ஆட்டிப் பழகிய கைதான் வேண்டும்.

என் 3.17 அழகான எண் இல்லை. பிழை வரம்பு பெரிது. ஆனால் அது வந்த எண், போட்ட எண் இல்லை.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்

காலண்டரில் அடுத்த வளர்பிறை அஷ்டமி எப்போது என்று பாருங்க. வீட்டுப் பீரோவைத் துழாவுங்க. இருபது, முப்பது மடங்கு ஜூம் உள்ள பழைய கேமரா கிடைத்தாலும் போதும். ஃபோன்தான் இருக்கிறதென்றால் அதன் கேமராவில் தானாகத் திருத்தும் வசதிகளை எல்லாம் அணைத்துவிட்டு, புரோ மோடில், உண்மையான டெலிஃபோட்டோ லென்ஸில் எடுங்க. படம் கொஞ்சம் மங்கலாக வரும். வரட்டும்.

கோட்டின் ஓரமாகத் தேடுங்க. இருட்டுக்குள் தனியாக நிற்கும் புள்ளி கிடைத்தால் அளந்து பாருங்க. தேதி, நேரம், செட்டிங், வந்த எண், நாலையும் எழுதிப் படத்தோடு நம்ம இதழுக்கு அனுப்புங்க. எண் யாருடையதோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை. அடுத்த இதழில் எல்லா மலைகளையும் வரிசையாகப் போடுவோம். ரூம்மேட் இப்போதே காலண்டரில் தேதியைச் சுழித்து வைத்துவிட்டான், கேமராவைத்தான் அவனிடமிருந்து திரும்ப வாங்கணும்.